லயத்துக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு

பச்சை நிறத்தை நான் நம்புவதில்லை. பன்னிரண்டு வருஷமாக அதுதான் என் பிழைப்பு. செயற்கைக்கோள் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, தண்ணீர் குறைவான நிலத்தில் எங்கே எந்தப் பயிர் வரும், எங்கே வராது என்று வரைபடம் போட்டுக் கொடுக்கும் சிறிய கம்பெனி ஒன்றில் வேலை. ராமநாதபுரம் பக்கம் ஒரு தடவை, கோடையில் பளபளவென்று தெரிந்த இடத்தை நல்ல நிலம் என்று குறித்துவிட்டு நேரில் போனால், அத்தனையும் சீமைக் கருவேலம். அன்றிலிருந்து படத்தில் பச்சையைப் பார்த்தாலே, இது யார் பார்த்த வேலை என்றுதான் முதலில் தோன்றும்.

இந்தத் தடவை சந்தேகம் கடல் தாண்டிக் கூப்பிட்டது. இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயரைச் சொல்லப்போவதில்லை, சொன்னால் யாருக்கு என்ன தொல்லை வருமோ. மலை, பனிமூட்டம், தேயிலை என்று காலண்டரில் பார்த்த இடத்தில் தண்ணீர்ப் பஞ்சமா என்று நானும் கேட்டேன். வருஷத் தொடக்கத்தில் இரண்டு மூன்று மாதம் மழை அடியோடு நின்றுவிடுமாம். கீழ்ச்சரிவில் பழைய தேயிலைச் செடிகள் காய்ந்து போகின்றன. அங்கே வேறு என்ன நடலாம் என்று தோட்டத்துக்காரர்கள் எங்களைக் கேட்டிருந்தார்கள்.

படத்தில் கீழ்ச்சரிவு முழுக்க வறட்டுப் பழுப்பு. ஆனால் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்குக் கீழே மட்டும் மெல்லிய பச்சைக் கோடு. ஒரு கட்டம் அகலம், ஒன்பது கட்டம் நீளம். எங்கள் படத்தில் ஒரு கட்டம் என்பது தரையில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர். கடந்த மூன்று வருஷக் கோடையிலும் அந்தக் கோடு அங்கேயே இருந்தது.

"ஊற்று இருக்கு. முதல் தரம்னு போடு," என்றார் எங்கள் முதலாளி. தோட்டத்துக்காரர்களிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார். முதல் தரம் என்று போனால் தோட்டம் அங்கே தொட்டி கட்டும், சரிவு முழுக்கச் சொட்டுநீர் இழுத்து அவகாடோ நடும்.

ஊற்று என்றால் மலையின் மடிப்பில் வர வேண்டும், வீட்டுக்கு நேர் கீழே கோடு கிழித்த மாதிரி வராது என்றேன் நான். யாரோ எங்கிருந்தோ தண்ணீரைத் திருடுகிறார்கள் என்பது என் கட்சி. "உனக்கு உலகத்தில் எல்லாமே திருட்டுதான். போய்ப் பார்த்துட்டு வா," என்று அனுப்பிவைத்தார்.

கொழும்பில் ஏறிய ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தது. எதிரே இருந்தவர் பார்வைக்கு நல்ல மனிதர். அதனாலேயே நான் உஷாரானேன். மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டு ஒன்றை நீட்டினார், வேண்டாம் என்றேன். நான் போகும் இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "பொகவந்தலாவைக்குன்னா நீங்க ஹட்டன்ல எறங்கிடுங்க மிஸ்," என்றார். அவர் கண் அடிக்கடி என் ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இடத்துக்கு அடிபோடுகிறார் என்று முடிவு கட்டினேன்.

ஹட்டன் வந்தது. அவரே அங்கேதான் இறங்கினார். இறங்கியவர் போகாமல் என் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, "இதான் மிஸ் ஹட்டன்," என்று மறுபடியும் சொன்னார். நான் ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். ரயில் கிளம்பிய பிறகுதான் அவருக்கு என் இடத்தால் இனி என்ன லாபம் என்ற கேள்வி எனக்கு வந்தது.

நானுஓயாவில் இறங்கி விசாரித்தபோது ஸ்டேஷன் ஊழியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நல்லவேளை, பட்டிப்பொல வரைக்கும் போகாம எறங்குனீங்க," என்றார். குளிர் காதைக் கடித்தது. வந்த வழியே வேனில் திரும்பி ஹட்டனுக்குப் போய், அங்கிருந்து பஸ்.

அந்த பஸ் பாதையைப் பாதை என்பதே பெரிய மனசு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் ஒரே ஒரு பஸ் போகலாம். ஒரு வளைவில் எதிரே இன்னொரு பஸ் வந்து நின்றது. எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பணிஸ், நம் ஊர் பன்தான், எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். எதிர் டிரைவரும் இறங்கவில்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் இரண்டு பேருடைய பரம்பரையும் சந்தி சிரித்திருக்கும். இங்கே யாரும் சத்தமே போடவில்லை. அது எனக்கு இன்னும் கலவரமாக இருந்தது.

முன் சீட்டில் இரண்டு சிங்களப் பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து ஏதோ பேசினார்கள். ஒருத்தி கையை நீட்டி என்னைக் காட்டவும் செய்தாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம், என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "உங்க சால்வை கதவுக்கு வெளிய தொங்குதாம். மாட்டிக்கிட்டா கழுத்தை இறுக்கிடும், யாராவது தமிழ்ல சொல்லுங்கன்னு சொல்றாங்க," என்றார். துப்பட்டாவை உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குள் எதிர் பஸ் பின்வாங்கிவிட்டது. எங்கள் டிரைவரின் பணிஸ் தீரும் வரைக்கும்தான் எதிர் டிரைவருக்குப் பொறுமையாம்.

தோட்டத்தில் காலியாகக் கிடந்த பழைய கிளார்க் குவார்ட்டர்ஸில் தங்கவைத்தார்கள். ரொட்டியும், இடித்த மிளகாய் தூக்கலான கட்டசம்பலும், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ் கறியும் வந்தன. கூடவே பால் இல்லாத சாயத்தண்ணி. உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் இவ்வளவு சுமாரான டீயா என்று கேட்டதற்கு, நல்லது எல்லாம் கப்பலேறிவிடும் என்றார்கள். இதை மட்டும் நான் உடனே நம்பினேன்.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலைக்குப் போகுமுன் எல்லாரும் ஒன்றுகூடிப் பெயர் கொடுக்கும் இடம். பெண்கள் தலையில் கயிற்றை மாட்டி முதுகில் சாக்கைத் தொங்கவிட்டு நின்றார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. மலையில் நடக்கும் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு ஐயாவின் பெயர் தனபால். அவர்தான் எனக்குத் துணை. மெலிந்த மனிதர், பேசுவதற்கு முன்னால் ஒரு தடவை இருமுவார்.

லயத்துக்குக் கீழே போக வேண்டும் என்றேன். இருமினார். "அந்தப் பக்கம் அட்டை கடிக்குங்க மேடம்," என்றார்.

மழையே இல்லாத மாதத்தில் அட்டையா! சரி என்று மேல்சரிவைச் சுற்றிக்காட்டினார். திரும்பவும் கேட்டேன். "குளவிக்கூடு இருக்குங்க. கொட்டினா ஆசுபத்திரிதான்." மூன்றாவது தடவை அவரைக் கேட்காமல் நானே இறங்கிவிட்டேன். பின்னாலேயே இருமிக்கொண்டு வந்தார்.

கோடு அங்கே இருந்தது. படத்தில் பார்த்த அதே இடம், அதே நீளம். சுற்றிலும் தேயிலைச் செடிகள் கருகி நிற்க, நடுவில் படிப்படியாகப் பாத்திகள். லீக்ஸ், கரட், கோவா, கொடியேறிய போஞ்சி. முட்டைக்கோஸ்தான் கோவா, பீன்ஸ்தான் போஞ்சி. மண்ணைக் கிள்ளிப் பார்த்தேன். ஈரம். வானத்தில் மேகம் இல்லாத நாற்பது நாளில் இந்த ஈரம் எங்கிருந்து வந்தது?

போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?"

மத்தியானச் சாப்பாட்டுக்கு லயத்துக்கு வந்த பெண். நாற்பது வயது இருக்கும். வெறும் சாக்கு முதுகில் தொங்கியது. பெயர் பரமேஸ்வரி என்று தனபால் சொன்னார். கடைசி நாலு பாத்தி அவருடையது. வரைபடம் போட வந்திருக்கிறேன், எந்த நிலத்தில் என்ன வரும் என்று பார்க்க, என்றேன்.

"என்ன வரும்னு எங்கிட்ட கேட்டா சொல்லமாட்டேனா? அதுக்கு மேல ராக்கெட்டு போய்ப் பாக்கணுமா?"

"செயற்கைக்கோள் அக்கா."

"ஏதோ ஒண்ணு. பாத்துட்டு இதை எடுத்துக்கப் போறாங்களா?"

நான் அளக்கத்தான் வந்தேன், எடுப்பதும் விடுப்பதும் என் கையில் இல்லை என்றேன். அளக்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் பதில் அது. அவர் முகத்தில் அது ஒட்டவே இல்லை. இந்தப் பாத்திகளுக்குப் பட்டா, பத்திரம் எதுவும் கிடையாது. தோட்டத்து நிலம், தேயிலை பிடிக்காமல் விட்ட துண்டு, லயத்துச் சனம் கொத்திப் பயிர் வைத்தது. பரமேஸ்வரியின் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போவது இந்த நாலு பாத்தியால்தான் என்று தனபால் பிறகு சொன்னார்.

பரமேஸ்வரி போனபின், பாத்திகளுக்கு மேலே குவித்திருந்த, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய குச்சிகளைக் காலால் நகர்த்தினேன். அடியில் ஒரு கறுப்புப் பைப். தொட்டால் சில்லென்று இருந்தது.

"அது பழைய பைப்புங்க மேடம்," என்றார் தனபால், இருமாமலே.

பைப் மேலேறி லயத்தின் பின்சுவருக்கு அடியில் மறைந்தது. லயத்துக்கு மேலே, அதே நேர்கோட்டில், தேயிலைத் தொழிற்சாலையின் தண்ணீர்த் தொட்டி. எனக்கு வேறென்ன வேண்டும்? குச்சியைப் போட்டு மறைத்திருக்கிறார்கள், கண்டாக்குக்குத் தெரிந்தே நடக்கிறது, அதனால்தான் அட்டையும் குளவியும். போனில் எங்கள் ஆப்பைத் திறந்தேன். நீர் வரும் வழி என்ற கேள்விக்கு மழை, ஊற்று, ஓடை, கிணறு, குளம் என்று வரிசையாக இருக்கும். கடைசியில், 'அனுமதியற்ற இணைப்பு'. அதைத் தொட்டு, போட்டோவையும் சேர்த்தேன். சிக்னல் கிடைத்ததும் அது தானாகவே எங்கள் ஆபீசுக்கும் தோட்டத்து ஆபீசுக்கும் போய்விடும். மேட்டில் ஏறியபோது போன் ஒரு தடவை அதிர்ந்தது. முதலாளியிடம் ஜெயித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மூன்றாம் நாள் காலை ஆபீஸ் வாசலில் அந்தக் கறுப்புப் பைப் கிடந்தது. நாலு துண்டாக வெட்டிச் சுருட்டி வைத்திருந்தார்கள். தொரை, அதாவது தோட்டத்து மேனேஜர், விடிந்ததும் என் செய்தியைப் பார்த்துவிட்டு வாச்சரை அனுப்பினாராம். பெரட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் நேற்று நகர்ந்து இடம்கொடுத்த பெண்கள் இன்று நகரவில்லை. காலைச் சாயத்தண்ணியும் வரவில்லை. தனபால் அன்று முழுக்க மேல்சரிவிலேயே என்னை வைத்திருந்தார். நானும் கீழே போகலாம் என்று சொல்லவில்லை.

வேலை முடியும் நேரத்துக்குக் குவார்ட்டர்ஸ் வாசலில் பரமேஸ்வரி வந்து நின்றார். கையில் வாளி.

"வாங்க மிஸ். தண்ணி எங்கேருந்து திருடுறோம்னு காட்டுறேன்."

எங்கே கூட்டிப்போகிறார், அங்கே எத்தனை பேர் காத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டேதான் போனேன். அவர் கூட்டிப்போனது லயத்தின் பின்புறம், தகர மறைப்புக்கு உள்ளே. அங்கே பத்துப் பதினைந்து பெண்கள். ஒரு இரும்புக் குழாயிலிருந்து சிமெண்ட் தரையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இதைப் பீலி என்கிறார்கள். காட்டோரத்திலிருந்து லயத்துக்கென்று தோட்டமே விட்ட தண்ணீர். குளிப்பது, துவைப்பது, அரிசி களைவது எல்லாம் இங்கேதான். தொழிற்சாலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் இந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை. தொட்டிக்கும் பைப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நேற்று நான் பார்க்கவே இல்லை.

சிமெண்ட் தரையில் தண்ணீர் வெளியேற இரண்டு வாய். ஒன்றில் சாக்குச் சுருள் ஒன்றைத் திணித்து அடைத்திருந்தார்கள். பெண்கள் மளமளவென்று சவுக்காரம் போட்டுத் தேய்த்தார்கள். நுரை எல்லாம் திறந்த வாய் வழியாகக் கானுக்கு, சாக்கடைக்கு, ஓடியது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண், "அலசலு!" என்று குரல் கொடுத்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் சவுக்காரத்தைக் கீழே வைத்தார்கள். ஒருத்தி சாக்கைப் பிடுங்கி மற்ற வாயில் திணித்தாள். இனிமேல் விழுவது அத்தனையும் அலசல் தண்ணீர். துணி அலசியது, அரிசி களைந்தது, உடம்பில் ஊற்றியது எல்லாம் ஒரு குழியில் சேரும். குழியிலிருந்து பைப். பைப்பிலிருந்து ஆளுக்கொரு நாள் முறைவைத்துப் பாத்தி. தண்ணீர் குறைந்த வருஷங்களில் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. இருபத்துநாலு வீடும் கட்டுப்படும்.

நான் உடம்பெல்லாம் புழுதியாக நின்றேன். "மூஞ்சியைக் கழுவுங்க," என்றார் பரமேஸ்வரி. நானும் குனிந்து, கீழே கிடந்த சவுக்காரத்தை எடுத்து முகத்தில் பூசிவிட்டேன்.

"ஐயோ மிஸ்! சவுக்காரம்! சவுக்காரம்!"

பதினைந்து பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள், இன்னொருத்தி கால் பாதத்தால் குழிக்குப் போகும் வாயை அடைத்தாள். கண்ணில் நுரையோடு நான் திருடி மாதிரி நின்றேன். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். பரமேஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை.

"வெளிய வந்து பாருங்க," என்றார்.

மறைப்புக்கு வெளியே குழி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பைப் இல்லையே. தண்ணீர் பாதையில் பரவிச் சேறாகி, யாருக்கும் பயன்படாமல் பள்ளத்தில் இறங்கியது. பைப்பை வெட்டியது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் பழக்கத்தில் குரல் கொடுத்தார்கள், சாக்கை மாற்றினார்கள்.

"குச்சி போட்டு மூடினது ஒளிக்கிறதுக்கு இல்ல. வெயில்ல பைப்பு வெடிச்சிரும்," என்றார் பரமேஸ்வரி. "கண்டாக்கு ஐயா உங்களைத் தடுத்தாரே, ஏன்? போன வருசம் ஒருத்தர் அளக்க வந்தாரு. அளந்துட்டுப் போன மறுவாரம் அந்தப் பக்கத்துப் பாத்தி எல்லாம் போச்சு. அதான்."

விருதுநகரில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு வாழை நிற்கிறது. எந்தக் கோடையிலும் அது வாடியதில்லை. தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். பச்சை வாழையைப் பார்த்தால் அங்கே குளியலறை இருக்கிறது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அதே சங்கதி வானத்திலிருந்து தெரிந்தபோது முதலாளிக்கு ஊற்றாகப் பட்டது, எனக்குத் திருட்டாகப் பட்டது. எனக்கு அழுகை வரும்போல வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்குங்க அக்கா என்றேன். "பைப்பை வாங்கிக் குடுங்க," என்றார்.

நாலாம் நாள் காலை தொரையைப் பார்க்கப் போனேன். இளவயசுச் சிங்களர், தோட்டத்துத் தமிழ் நன்றாகப் பேசினார். மெல்லிய கோப்பையில் டீ வந்தது, கப்பலேறும் ரகம். இவ்வளவு நல்ல டீ கொடுக்கிறவர் என்ன கேட்கப்போகிறாரோ என்று மிடறு மிடறாகக் குடித்தேன். முந்தாநாள் நான் அனுப்பியது தவறு, தொட்டியிலிருந்து யாரும் எடுக்கவில்லை என்று சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே யாருக்கோ போன் போட்டுச் சிங்களத்தில் பேசினார். எனக்குப் புரிந்தது ஒரே சொல்: வத்துர, தண்ணீர். அதையும் மூன்று தடவை சொன்னார்.

வெளியே வந்தால் படியில் தனபால் நின்றிருந்தார். தொரை என்ன பேசுகிறார் என்று கேட்டேன். இருமிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "திருட்டு இல்லையாம், அப்ப உங்க ஆபீசுல சொன்ன மாதிரி ஊத்துதான்கிறாரு. அந்தப் பாத்தியில மொதல்ல தோண்டச் சொல்றாரு மேடம்."

பரமேஸ்வரியைத் திருட்டுப் பட்டத்திலிருந்து காப்பாற்றப் போய், பாத்தியையே பிடுங்கிக் கொடுத்துவிட்டேன். திரும்பவும் உள்ளே போனேன்.

"அங்க ஊற்றும் இல்லை சார்," என்றேன்.

"ஊத்து இல்லாம மூணு வருசம் பச்சையா இருக்குமா? உங்க படம்தானே சொல்லுது?"

"படம் பச்சையைத்தான் சொல்லும். ஏன் பச்சைன்னு சொல்லாது. அது இருபத்துநாலு வீட்டு அலசல் தண்ணி. நேத்து பைப்பை வெட்டிட்டீங்க. அப்படியே விட்டுப் பாருங்க, அடுத்தடுத்த படத்தில் கோடு காணாமப் போகும். அங்க எவ்வளவு தோண்டினாலும் தண்ணி வராது."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அந்த அலசல் தண்ணியை நாங்க பெரிய பைப்புல சரிவுக்கு எடுத்தா?"

"ஒன்பது கட்டத்துக்கே முறைவைச்சு எடுக்கறாங்க. உங்க சரிவு ஆயிரக்கணக்கான கட்டம்."

என்னையே பார்த்தார். இவள் யார் பக்கம் என்று யோசித்திருப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் யோசித்திருப்பேன். பிறகு சிரித்துவிட்டார். ஊற்று இல்லாத இடத்தில் தொட்டி கட்டிவிட்டு மேலிடத்துக்குப் பதில் சொல்ல அவருக்கும் ஆசை இல்லை. "சரி, அந்தத் துண்டை லிஸ்டுல இருந்து எடுத்துருவோம். உங்க ரிப்போர்ட்டுல தெளிவாப் போடுங்க. பைப்பைக் கொண்டுபோகச் சொல்லுங்க," என்றார்.

ரிப்போர்ட்டில் தெளிவாகப் போடுவது அவ்வளவு லேசாக இல்லை. நீர் வரும் வழி என்ற கேள்வியில் மனிதர்கள் என்று ஒரு கட்டம் கிடையாது. குறிப்புப் பகுதியில் நாலு வரி எழுதி, முதலாளியைக் கூப்பிட்டேன். "குறிப்பை மெஷின் படிக்காதும்மா. தரத்தை மட்டும் சொல்லு," என்றார். வீடுகளை எடுத்துவிட்டால் அந்த நிலத்துக்கு என்ன தரமோ அதைத்தான் போட வேண்டும். மூன்றாம் தரம் என்று போட்டேன். ஊற்று இல்லையா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்தார்.

நாலு பைப் துண்டையும் நானும் தனபாலும் தூக்கிப்போனோம். வெட்டிய இடங்களைப் பெண்கள் பழைய சைக்கிள் டியூப் கிழிசலால் சுற்றிக் கட்டினார்கள். மூன்று இடத்தில் ஒழுகியது. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் நூலாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. ஒன்றரை நாளுக்குள்ளேயே லீக்ஸ் நுனி மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. அதைப் பரமேஸ்வரி எனக்குக் காட்டினார். லிஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள், மூன்றாம் தரம் என்று போட்டுவிட்டேன், இனி பயம் இல்லை என்றேன்.

"வாயால சொன்னா? நீங்க இன்னைக்கு பஸ் ஏறிருவீங்க. நாளைக்கு வேற ஆளு வருவான், மேலேருந்து பச்சையாத் தெரியுதும்பான். நான் யாரைக் கூப்பிட்டுக் கேக்குறது? எழுதிக் குடுங்க."

என் கையிலிருந்த ரிப்போர்ட் தாளின் பின்புறத்தில் என் மைப் பேனாவால் தமிழில் எழுதினேன். இன்ன லயத்துக்குக் கீழே உள்ள இந்த இடத்தை நேரில் பார்த்தேன். இங்கே ஊற்று இல்லை. தெரியும் பச்சை, லயத்து மக்கள் பீலியில் அலசிய தண்ணீரால் வளர்ந்தது. மண் மூன்றாம் தரம். கீழே பெயர், கம்பெனி, கையெழுத்து.

அவர் அதை வாங்கி, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"மண்ணு மூணாந்தரமா?"

"அது நல்லதுக்குத்தான் அக்கா. முதல்னு போட்டா எடுத்துக்குவாங்க."

"அதுக்காக? பதினாறு வருசமாச் சாணி சுமந்து, சாம்பலு சுமந்து கொட்டினது. அள்ளிப் பாருங்க." ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. "மண்ணு நல்ல மண்ணு. தண்ணிதான் இல்ல. அப்படி எழுதுங்க."

போனை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் தரத்துக்குக் காரணம் என்ன என்று ஆப் கேட்கும். நாம் எதையும் தொடாவிட்டால் அது தானாகவே 'மண்' என்று போட்டுக்கொள்ளும். நான் தொட்டிருக்கவில்லை. எத்தனை வருஷமாக, எத்தனை ஊர் மண்ணுக்கு இப்படிப் போட்டேனோ தெரியாது. அங்கேயே நின்று 'நீர்' என்று மாற்றினேன். தாளிலும் மண் மூன்றாம் தரம் என்பதை அடித்துவிட்டு, மண் நல்ல மண், தண்ணீர்தான் இல்லை என்று எழுதிப் பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டேன்.

பரமேஸ்வரி வாங்கிப் படித்தார். பிறகு, பைப் மூட்டில் ஒழுகிய தண்ணீரில் ஆள்காட்டி விரலை நனைத்து, என் பெரிய கையெழுத்தின் மேல் வைத்துத் தேய்த்தார். என் பெயரின் முதல் பாதி நீலமாகக் கரைந்து தாளில் பரவியது.

எனக்குச் சுருக்கென்றது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, எதிர்பார்த்ததுதான் நடந்தது என்ற பார்வை. தனபாலின் சட்டைப் பையிலிருந்து பால்பாயிண்ட் பேனாவை உருவி என்னிடம் நீட்டினார்.

"முழுசும் மறுபடி எழுதுங்க மிஸ்," என்றார். "இது மழை பெய்யற ஊரு."